நாலு மாநிலத்தில் கைகால்

பீனிக்ஸ், அரிசோனா

மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உம் அக்காவும் நலம். எனக்குத்தான் முட்டி வலி. அது வந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மேலவயல் வரப்பு விஷயமாக எழுதியிருந்தீர். சாட்டிலைட் கருவியோடு ஒரு பையன் வந்து அளந்து, கல் முக்கால் அடி தள்ளிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டானாம். கடப்பாரையோடு கிளம்பப்போகிறீராம். பதில் போடுவதற்குள் பேரப்பிள்ளைகளுக்குக் கோடை லீவு விட்டுவிட்டது. “தாத்தாவுக்குக் கல் பார்க்கத்தானே பிடிக்கும், ஒரு கல்லைப் பார்த்துவிட்டு வருவோம்” என்றான் பெரியவன். கிண்டல்தான். ஆனால் லேசுப்பட்ட கல் இல்லை அது. ஃபோர் கார்னர்ஸ் என்று பெயர். அரிசோனா, யூட்டா, கொலராடோ, நியூ மெக்சிகோ நாலும் ஒரே புள்ளியில் முட்டுகிற இடம். இந்த நாட்டிலேயே நாலு மாநிலம் இப்படிக் கூடுவது அங்கே மட்டும்தான். மூன்று கிராமம் சேருகிற முச்சந்திக் கல்லை சர்வீசில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். நாலு மாநிலக் கல்லைப் பார்த்த சர்வேயர் நம்ம தாலுகாவில் யார் இருக்கிறார்? கிளம்பிவிட்டேன்.

போக மட்டும் 600 கிலோமீட்டர். வழியில் கடை இருக்கும் அத்தை என்றார் மாப்பிள்ளை. “கடையில் புளிச்சோறு இருக்குமா?” என்று உம் அக்கா கேட்ட கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. இரண்டு தூக்குச்சட்டி, ஒரு சம்புடம் முறுக்கு, ஊறுகாய் பாட்டில் எல்லாம் ஏறிய பிறகு பிள்ளைகளுக்கு இடம் தேடினோம்.

ஃபிளாக்ஸ்டாஃப் பைன் காடு முடிந்து கொஞ்ச தூரத்தில் நவஹோ தேசம் ஆரம்பம். தேசம் என்றுதான் அவர்களே சொல்கிறார்கள். தனிக் கொடி, தனி ஜனாதிபதி, தனி போலீஸ். சுமார் 70,000 சதுர கிலோமீட்டர், நம்ம தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். சாத்தான்குளம் தேரிக்காட்டை எடுத்து, நடுநடுவே கோபுரம் கோபுரமாகப் பாறையை நட்டுவைத்த மாதிரி இருக்கிறது. ரோட்டோரம் குதிரைகள் கேட்பாரில்லாமல் மேய்கின்றன.

அங்கேதான் கடிகாரம் மானத்தை வாங்கியது. கோடையில் அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் மணியை ஒன்று கூட்டி வைத்துக்கொள்வார்கள். அரிசோனா மாட்டேன் என்று இருக்கிறது. ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ தேசம் கூட்டிக்கொள்ளும். அந்த நவஹோ தேசத்துக்கு நடுவே தீவு மாதிரி ஹோப்பி மக்களின் பூமி இருக்கிறது, அவர்கள் கூட்ட மாட்டார்கள். டூபா சிட்டியில் நவஹோ ஊர் ஒரு பக்கம், மோன்கோபி என்கிற ஹோப்பி ஊர் இன்னொரு பக்கம். இங்கே பதினொன்று என்றால் அங்கே பத்து. உம் அக்கா பத்து மணி பிரஷர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, “போட்டாச்சா, போடணுமா?” என்று கேட்கிறாள். மாப்பிள்ளையின் போன் ஒரு மணி சொல்கிறது, மகளின் போன் வேறு மணி சொல்கிறது. கடைசியில் பசியை வைத்து முடிவு செய்து, மாத்திரையோடு புளிச்சோற்றையும் பிரித்துவிட்டோம்.

கல்லிருக்கும் இடத்தில் தலைக்கு எட்டு டாலர் டிக்கெட். டிக்கெட் போடுவது நாலு மாநிலத்தில் எதுவும் இல்லை, நவஹோ தேசத்தார். சுற்றிலும் மூன்று கால் பங்கு மண் அவர்களுடையது. கொலராடோ கால் பங்கு யூட் மக்களுடையது. சரிதானே, வயல்காரன்தானே வாடகை வாங்க வேண்டும்.

கருங்கல் தளம், நடுவே வட்டத் தகடு, அதில் ஒரு கூட்டல் குறி. அவ்வளவுதான். அதன் மேல் நாலு காலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளத்தான் வரிசை. சின்னவள் தவளை மாதிரி தாவி உட்கார்ந்து எழுந்துவிட்டாள். அரிசோனாவில் வைத்த காலுக்கு ஒரு மணி நேரம் வயது குறையும் என்று பெரியவன் சொல்லியிருந்தான். அந்த மூலையும் நவஹோ மணிதான், நாலு காலுக்கும் ஒரே நேரம்தான் என்று தெரிந்ததும் அவனுக்கு முகம் தொங்கிவிட்டது. அப்புறம் என் முறை. வலது கை கொலராடோ, இடது கை யூட்டா, முட்டி ஒன்று அரிசோனா, இன்னொன்று நியூ மெக்சிகோ. போட்டோ நன்றாக வந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. மாப்பிள்ளை கொலராடோவிலிருந்தும் முன்பின் தெரியாத ஒருவர் நியூ மெக்சிகோவிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். உம் அக்கா அதையும் போட்டோ எடுத்தாள்.

பக்கத்துக் கொட்டகையில் எண்ணெயில் உப்பி வந்தது ஒன்று. நம்ம சோளாப்பூரியேதான். ஃபிரை பிரெட் என்கிறார்கள். என்ன எண்ணெய் என்று விசாரித்த பிறகே உம் அக்கா கை நீட்டினாள். இது உங்கள் ஊர்ப் பழைய பலகாரமா என்று மகளை விட்டுக் கேட்டேன். கடைக்கார அம்மாவுக்கு என் வயசிருக்கும். இல்லை என்று தலையசைத்துவிட்டுச் சொன்னார். 1864-ல் பட்டாளம் நவஹோ மக்களை வீடு வாசலை விட்டுக் கிளப்பி, நூற்றுக்கணக்கான மைல் நடத்தியே கொண்டுபோய் அடைத்ததாம். அங்கே ரேஷனாகக் கிடைத்த மாவிலும் கொழுப்பிலும் பிறந்த பண்டமாம் இது. நாலு வருஷம் கழித்து, 1868-ல் ஒப்பந்தம் போட்டுத் திரும்பி வந்திருக்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தில் எழுதிய வடக்கெல்லை எது தெரியுமா? 37-வது அட்சரேகை, இந்தக் கல் நிற்கிற அதே கோடு. ஏழு வருஷம் கழித்து, 1875-ல் சாண்ட்லர் ராபின்ஸ் என்கிற சர்வேயர் வந்து கல்லை நட்டார். பூரி கல்லை விட மூத்தது, மச்சான். உம் அக்கா இன்னொன்று வாங்கி அதையும் முழுசாகத் தின்றாள்.

இப்போது உம் விஷயத்துக்கு வருகிறேன். 2009-ல் இங்கே பத்திரிகைகளில் ஒரே அமளி, கல் இரண்டரை மைல் தள்ளி இருக்கிறது என்று. கணக்குப் போட்டவர்கள் கிரீன்விச்சிலிருந்து போட்டுவிட்டார்கள். அந்தக் காலத்துச் சட்டமோ வாஷிங்டனிலிருந்து 32 பாகை மேற்கே என்று சொல்லியிருக்கிறது. சரியாகப் பார்த்தால் பிசகு சுமார் 1,800 அடி. நம்ம சங்கிலியில் 27 சங்கிலி! இதே தப்பை நான் செய்திருந்தால் பென்ஷனே வந்திருக்காது. ஆனால் பாலைவனத்தில் நட்சத்திரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டவருக்கு 27 சங்கிலி பிசகு குற்றமே இல்லை என்பேன். கல்லை யாரும் நகர்த்தவுமில்லை. நியூ மெக்சிகோவும் கொலராடோவும் எல்லைக்கு வழக்காடி 1925-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. பழைய சர்வேயர் போட்டு இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டு நடந்த கோடுதான் எல்லை என்று சொல்லிவிட்டது இந்த ஊர் சுப்ரீம் கோர்ட்.

உம் பங்காளியும் நீரும் நாற்பது வருஷமாக அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உழுதுகொண்டிருக்கிறீர்கள். கல்லைப் பிடுங்கினால் 1923-ஆம் வருஷத்து சர்வே சட்டப்படி குற்றம் என்பதை சர்வேயராகச் சொல்லிவைக்கிறேன். உம் அக்கா நீலக்கல் மணிமாலை இரண்டு வாங்கி வைத்திருக்கிறாள். ஒன்று உம் வீட்டுக்கு, இன்னொன்று பங்காளி வீட்டுக்கு. தை மாதம் வருகிறேன். அதுவரை கடப்பாரையைக் கொல்லையிலேயே போட்டு வையும்.

இப்படிக்கு,
உம் அத்தான்