நாற்காலி கொடுத்து வைத்திருக்க வேண்டும்

ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு மிளகாய் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே அண்ணாச்சி கேட்டார்: “மண்டலத் தலைவர் போஸ்டுக்கு எழுதிப் போடவா, வேண்டாமா? நீ என்னடே சொல்லுத?”

பதினோரு வருடமாக அவருக்குக் கீழே வேலை பார்க்கிறேன். என் கருத்தை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. சாரல் அடித்துக்கொண்டிருந்தது, என் வாயிலும் பஜ்ஜி இருந்தது. அதனால் பதிலை எழுத்தில் தருகிறேன்.

தாராளமாகப் போடுங்கள் அண்ணாச்சி. நம் தென்காசியே 2019 நவம்பரில் மாவட்டத் தலைநகராகப் பதவி உயர்வு பெற்ற ஊர்தான். ஊருக்கு ஆகும் என்றால் உங்களுக்கு ஆகாதா?

உங்களைப் போல ஆராய்ந்து முடிவெடுப்பவரை நான் பார்த்ததில்லை. கார் எந்த வகை, டிரைவர் உண்டா, அறையில் ஏசி எத்தனை டன், கதவில் பெயர்ப்பலகை பித்தளையா பிளாஸ்டிக்கா என்று ஒரே மாதத்தில் அத்தனையும் விசாரித்துவிட்டீர்கள். ஜாதகமும் பார்த்தாயிற்று. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன வேலை, கீழே எத்தனை பேர் என்பதெல்லாம் சில்லறை விஷயம். அதைப் போய்க் கேட்டு உங்கள் தரத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை.

தலைமைக்கு நிதானம் முக்கியம் என்பார்கள். செங்கோட்டைப் பையனின் கல்யாண லீவு லெட்டர் உங்கள் மேசையில் எவ்வளவு நிதானமாக இருந்தது! கையெழுத்தாகி வந்தபோது அவனுக்கு வளைகாப்பு லீவு தேவைப்பட்டது. பிறர் உழைப்பை மதிக்கிற குணமும் உங்களிடம் உண்டு. சுரண்டைக் கிளையை ஒரு பெண் ராப்பகலாக நின்று நிமிர்த்தினாரே, அந்த உழைப்பை நீங்கள் மதித்த மதிப்பில், அதை உங்கள் உழைப்பாகவே மேலிடத்துக்கு எழுதி அனுப்பினீர்கள். பிறகு ஆபத்துக் காலம். பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். எங்கள் ஆபீசுக்கு ஆர்ச் நீங்கள்தான். ஆடிட் வருகிற அன்று காலையில் உங்களுக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பார்த்தே, வரப்போகிற வெள்ளத்தின் அளவைக் கணித்துக்கொள்வோம்.

லாரன்ஸ் பீட்டர் என்று ஒருவர். 1969இல் வந்த ஒரு புத்தகத்தில், ஒழுங்காக வேலை செய்கிறவனை மேலே மேலே ஏற்றுவார்கள், எந்தப் படியில் அவனுக்கு வேலை ஓடவில்லையோ அங்கேயே அவன் நின்றுவிடுவான் என்று சொன்னார். மனுஷன் உங்களைப் பார்த்ததில்லை. அந்தப் படிக்கு நீங்கள் வந்து எட்டு வருடமாகிறது. இன்னும் ஏறத் தெம்பு இருக்கிறது!

நம் பக்கத்தில் சிலருக்குத்தான் விவரம் போதவில்லை. சோஹோவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019இல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறைக்குக் குடிவந்து, அங்கிருந்தே கம்பெனியை நடத்தினார். 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பதவியை ஷைலேஷ் குமார் தவேயிடம் கொடுத்துவிட்டு, ஆராய்ச்சியைக் கவனிக்கிறேன் என்று தலைமை விஞ்ஞானி ஆகிவிட்டார். ஆராய்ச்சியாம்! கையில் இருந்த நாற்காலியை யாராவது விடுவார்களா? தனக்கு எந்த வேலை வரும் என்று உட்கார்ந்து யோசித்தால் இப்படித்தான் ஆகும். உங்களுக்கு அந்தக் கவலை கிடையாது.

பராக்கிரம பாண்டியனும் அந்த வகைதான். பதினைந்தாம் நூற்றாண்டில் தென்காசிக் கோயிலைக் கட்டியவன். ‘எல்லாம் நான்’ என்று கல்லில் வெட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவனோ, பின்னாளில் இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்தால், அதை வந்து தீர்த்துக் காப்பவர் யாராக இருந்தாலும் அவரை உலகறியப் பணிகிறேன் என்று வெட்டி வைத்தான். ராஜா, இன்னும் பிறக்காதவர்களைக் கும்பிடுகிறான்! நீங்களோ எதிரே நின்று வணக்கம் சொல்கிறவனுக்கே தலையசைப்பதில்லை. ஐந்நூறு வருடத்தில் நிர்வாகம் எவ்வளவு முன்னேறிவிட்டது.

எங்களைப் பற்றி யோசிக்க வேண்டாம். நீங்கள் மேலே போனால் தாங்கிக்கொள்வோம். பிரிவுபசார விழாவுக்கு இப்போதே வசூல் முடிந்துவிட்டது. இந்த ஆபீசில் ஒருவரும் மிச்சமில்லாமல் பணம் கொடுத்த வசூல் இது ஒன்றுதான்.

விண்ணப்பம் வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். வழக்கம்போல நானே நிரப்பி உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். ‘உடன் பணிபுரிந்தவர்களின் வளர்ச்சிக்குச் செய்தவை’ என்று ஒரு கட்டம், அரைப் பக்கம் இடம் விட்டிருக்கிறார்கள். அதை மட்டும் நீங்களே எழுதிவிடுங்கள், அண்ணாச்சி.