துப்பாக்கி வீட்டுக்காரர்

ஆனையூரில் அவர் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் கதவு எண் சொல்வதில்லை. "துப்பாக்கி வீடா? நேராப் போயி வலது கைப் பக்கம் திரும்புங்க" என்பார்கள். ஆனால் அந்த வீட்டிலிருந்து வேட்டுச் சத்தம் கேட்டதாகச் சொல்ல தெருவில் ஒரு ஆள் கிடையாது. தீபாவளியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

துப்பாக்கி அவருடைய அப்பா வாங்கியது. 12 போர், இரட்டைக் குழல். அன்றைக்கு ஆனையூர் கிராமம், சுற்றிலும் வயல். பன்றி விரட்ட என்று எழுதிக் கொடுத்து கலெக்டரிடம் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார். 2011-ல் ஊர் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. வயல் பிளாட்டானது, பன்றி போன இடம் தெரியவில்லை, துப்பாக்கி பீரோவில் இருக்கிறது. லைசென்ஸ் புத்தகத்தில் இன்னமும் "பயிர்ப் பாதுகாப்பு" என்றுதான் இருக்கிறது. மொட்டை மாடியில் நாலு ரோஜாத் தொட்டி வைத்திருப்பதால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வராந்தாவில் அதைத் துடைப்பார். நடுவில் மடித்து, குழல் இரண்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்ப்பார். கம்பியில் துணி சுற்றி, எண்ணெய் தொட்டு, மெதுவாக உள்ளே விட்டு இழுப்பார். வேடிக்கை பார்க்கப் போனவருக்கு டீயும் பாடமும் உண்டு. "12 போர்னா என்னன்னு நெனச்ச? ஒரு பவுண்டு ஈயத்த 12 உருண்டையா உருட்டினா, ஒரு உருண்டை என்ன அகலமோ அதுதான் குழலோட அகலம்." சரியான தகவல்தான். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "ஒரு ஆளு மூணு வரைக்கும் வச்சுக்கலாம்னு இருந்துச்சு. 2019-ல ரெண்டாக் கொறச்சுப்புட்டாய்ங்க" என்று வருத்தப்படுவார். அவரிடம் இருப்பது ஒன்றுதான். ஆனாலும் உரிமை போனது போனதுதானே! ஒருமுறை எதிர்வீட்டுப் பையன், "குறி பாக்கும்போது எந்தக் கண்ண மூடுவீங்க பெரியப்பா?" என்று கேட்டுவிட்டான். அவனுக்கு மட்டும் அன்றைக்கு டீ வரவில்லை.

துப்பாக்கி தெருவைப் பார்ப்பது தேர்தலுக்குத்தான். தேதி அறிவித்ததும் லைசென்ஸ்காரர்கள் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். 2024 மார்ச் 16-ல் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. சலவை வேட்டி கட்டி, பச்சை கான்வாஸ் உறையைத் தோளில் மாட்டி, ஆட்டோ வேண்டாம் என்று கடைத்தெரு வழியாக நடந்தே போனார். "என்னண்ணே, கெளம்பிட்டீங்க?" என்று நாலு பேர் கேட்க வேண்டாமா? "நம்ம கையில இருந்தா கவர்மெண்டுக்குப் பயம்ப்பா" என்று பதிலும் தயார். ஜூன் 4-ல் ஓட்டு எண்ணி முடிந்து அது வீடு திரும்பும் வரை ராத்திரியில் வாசல் கதவுக்கு இரண்டு பூட்டு போட்டார். துப்பாக்கி இருந்தபோது திருடன் வந்திருந்தாலும், பீரோச் சாவியைத் தேடி எடுப்பதற்குள் அவன் அவனியாபுரம் போயிருப்பான் என்பது வேறு விஷயம்.

அதே 12 போர் இரட்டைக் குழலைத்தான் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் போட்டிக்குத் தூக்கிப் போனார். குழல் பக்கவாட்டில் இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். 11 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு தட்டு, எந்தப் பக்கம் பறக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. தகுதிச் சுற்றில் மட்டும் அப்படி 125 தட்டு. அதற்குத் தயாராக எத்தனை ஆயிரம் தோட்டா தீர்ந்திருக்கும்! பெரியப்பாவிடம் இருக்கும் தோட்டாப் பெட்டி பிரிக்காத பெட்டி. இதைச் சொன்னால், "அவுக ராஜா குடும்பம்ப்பா. சுட்டுக்கிட்டே இருந்தா நமக்குக் கட்டுபடியாகுமா?" என்பார்.

பின் தெருவில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி ரைபிள் கிளப்புக்குப் போய்வருகிறாள். பத்து மீட்டர் ஏர் ரைபிள். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். விறைப்பான கோட்டை மாட்டிக்கொண்டு 75 நிமிஷத்தில் 60 குண்டு சுட வேண்டும். வீட்டில் ரைபிள் இல்லாததால், சுவரில் பேனாவால் புள்ளி வைத்து, ஒட்டடைக் குச்சியைத் தோளில் அணைத்து, மூச்சை அடக்கி நின்று பழகுகிறாள். "பேய் பிடிச்ச மாதிரி நிக்கிறா" என்று அவள் அம்மாவுக்குக் கவலை.

மாவட்டப் போட்டியில் மெடல் வாங்கிய அன்று மிட்டாய் கொடுக்க வந்தாள். பெரியப்பா மெடலைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"துப்பாக்கி சொந்தமா தாயி?"

"இல்ல பெரியப்பா, கிளப்போடது."

"லைசென்ஸு?"

"அதுக்கு வேண்டாம் பெரியப்பா. காத்துல சுடுறது, 20 ஜூலுக்குள்ளதான் வரும்."

பெரியப்பாவின் முகத்தில் இரக்கம் வந்துவிட்டது. மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு அவள் தலையில் கை வைத்தார்.

"மனசு விட்றாத தாயி. நல்லாப் படி. வேலைக்குப் போயி நெசத் துப்பாக்கியாவே ஒண்ணு வாங்கிருவோம். மனு எப்பிடி எழுதணும்னு நான் சொல்லித் தர்றேன்."