சிங்கப்பூர் சார்ஜரும் ஜவ்வாது மலை பிளக் பாயிண்ட்டும்

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டுவந்த சார்ஜர் எங்கள் வீட்டு பிளக் பாயிண்ட்டில் நுழைய மாட்டேன் என்கிறது. உலகம் பூராவும் ஒரே பிளக் வைத்தால் என்னவாம்?
– வாசகர், ஜமுனாமரத்தூர்

பதில்: வைத்துப் பார்த்தார்கள். 1986இல் உங்கள் மலையிலேயே, காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதே ஆண்டு சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் உலகப் பொது பிளக் ஒன்றை வகுத்தது. தொலைநோக்கி நட்சத்திரங்களை எட்டிவிட்டது. பிளக்கோ தென்னாப்பிரிக்கா, பிரேசிலோடு கிட்டத்தட்ட நின்றுவிட்டது!

நம்முடைய உருண்டை த்ரீ பின், வெள்ளைக்காரன் விட்டுப்போன சொத்து. 1947இல் நம்மை விட்டுக் கிளம்பியவர்கள், அதே வருஷம் தங்கள் ஊருக்குப் பட்டை பின், உள்ளே ஃபியூஸ் என்று புது பிளக்குக்கு விதி எழுதிக்கொண்டார்கள். சிங்கப்பூரும் மலேசியாவும் பின்னாலேயே போயின. நாம் போகவில்லை. அதனால் கெட்டுப்போய்விடவும் இல்லை: மேலே இருக்கும் எர்த் பின் மற்ற இரண்டைவிடத் தடிமன், நீளம். சொருகும்போது முதலில் தொடுவதும், பிடுங்கும்போது கடைசியில் விலகுவதும் அதுதான். நல்ல ஏற்பாடு. எர்த் துளையில் குச்சியை விட்டு டூ பின்னைச் சொருகும் நம் ஊர் வித்தைதான் ஆபத்து.

உங்கள் சார்ஜருக்கு ஒரு அடாப்டர் போதும். சிங்கப்பூரிலும் 230 வோல்ட்தான். அமெரிக்க அத்தையிடம் மட்டும் ஹேர் டிரையர் கேட்காதீர்கள். அங்கே 120 வோல்ட். அடாப்டர் பின்னைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது.