ஞாயிற்றுக்கிழமை பார்ட்டி

நங்கநல்லூரில் ஒரு தனி வீட்டு கேட்டில் ‘விற்பனைக்கு’ என்று அட்டை தொங்கினால் முதலில் வருபவர் புரோக்கர். அடுத்து வருபவர் இன்னொரு புரோக்கர். மூன்றாவதாக, ஞாயிறு காலையில் 32 அடி ஆஞ்சநேயரைச் சேவித்துவிட்டு, நெற்றியில் செந்தூரத்தோடு வந்து நிற்பாரே, அவர்தான் நம்மவர்.

வீடு வாங்க வந்திருக்கிறார் என்று நீங்கள் நினைப்பீர்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்; அங்கேதான் சிக்கல். பொய் சொல்பவனைக் கண்டுபிடித்துவிடலாம். இவர் வருஷக்கணக்காக மனசார வீடு வாங்கப்போகிறவர்.

தனியாக வரமாட்டார். மனைவி, மச்சினர், மச்சினரின் ‘சிவில் படிக்கிற’ பையன் எல்லாரும் உண்டு. செருப்பைக் கழற்றும்போதே, “பணம் பிரச்னையே இல்ல சார், ரெடியா இருக்கு” என்பார். பணத்தைப் பற்றி நீங்கள் இன்னும் வாயே திறந்திருக்க மாட்டீர்கள்.

பிறகு ஆய்வு தொடங்கும். விரல் முட்டியால் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்பார். என்ன கேட்டது என்று சொல்லமாட்டார், “ம்” என்பார். குழாயைத் திறந்து ஒரு கை ஏந்திக் குடித்துவிட்டு, “போர் தண்ணியா, மெட்ரோ வாட்டரா?” என்பார். அப்புறம் வாசலுக்குப் போய் செல்போனில் திசைகாட்டியைத் திறப்பார். இரும்பு கேட்டை ஒட்டி நின்றால் முள் என்ன செய்யும்? முதலில் தென்கிழக்கு காட்டும். இரண்டடி தள்ளிப் போனால் கிழக்கு. மச்சினர் போனில் வடக்கு. “வாசல் கொஞ்சம் ஊசலாடுதே சார்” என்று உங்களையே குற்றவாளியாகப் பார்ப்பார்.

உள்ளே அம்மாள் அதற்குள் குடித்தனமே வைத்திருப்பார். “ஃப்ரிட்ஜை இங்க வெச்சுடலாங்க. இந்தச் சுவரை எடுத்துட்டா டைனிங் டேபிள் தாராளமா வரும்.” கேட்ட உங்களுக்கு உச்சி குளிர்ந்துபோகும், உள்ளே போய் இன்னொரு தம்ளர் காபி போடச் சொல்வீர்கள். அனுபவப்பட்டவர்கள் போடச் சொல்வதில்லை. முதல் பார்வையிலேயே சுவரை இடிப்பவர்கள் பத்திர ஆபீஸ் வரைக்கும் வருவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

விலையைச் சொல்லிப் பாருங்கள். ஒன்றரைக் கோடி என்றால், “ரீசனபிள்தான்” என்பார். கொடுக்கப்போகிறவனுக்கு அல்லவா வயிறு எரியும்!

ஆளை எடைபோட ஒரே ஒரு வாக்கியம் போதும்: “ஒரு சின்ன டோக்கன் கொடுத்துட்டீங்கன்னா, அட்டையை எடுத்துடறேன்.” அந்த நொடியில் அவர் செல்போன் அடிக்கும். அடிக்காவிட்டாலும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். பேசி முடித்துத் திரும்பும்போது, “ஆடி போகட்டும் சார்” என்பார். ஆடி போய் ஆவணியும் நழுவினால் புரட்டாசி. அது போனால் ஐப்பசி மழை. மார்கழியைக் கேட்கவே வேண்டாம். தையில் பையன் அமெரிக்காவிலிருந்து வந்து ஒரு பார்வை பார்க்க வேண்டும். அவருக்குத் தோதான மாதத்தைப் பஞ்சாங்கக்காரர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அப்படியானால் நிஜமாகவே வாங்குகிற பார்ட்டி எப்படி இருப்பார்? உங்களுக்குப் பிடிக்காத மாதிரி இருப்பார். வேலை நாளில், அடை மழையில், பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வருவார். உங்கள் வீட்டுக்குள் நுழையும் முன் தெருமுனை இஸ்திரிக்காரரிடம், “இங்க தண்ணி நிக்குமா அண்ணே?” என்று விசாரித்திருப்பார். காபி வேண்டாம் என்பார். ஒரு வார்த்தை புகழமாட்டார். மாடிக்குப் போய் ஒழுகின இடத்துக் கறையை மட்டும் போட்டோ எடுப்பார்.

அப்புறம் ஜெராக்ஸ் கேட்பார்: தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது வருஷ வில்லங்கம், பிளான் அப்ரூவல், வீட்டுவரி ரசீது. நாலு நாள் கழித்து அவருடைய வக்கீல், “தாத்தா உயில் எழுதாமப் போயிருக்கார். உங்க அத்தையும் வாரிசுதானே, அவங்க விடுதலைப் பத்திரம் எங்கே?” என்பார். அத்தையோடு பேசி எத்தனை வருஷமாயிற்று என்று உங்களுக்குத்தான் தெரியும். கோபம் பொத்துக்கொண்டு வரும். வரட்டும், நல்ல சகுனம்.

விலையை அவர் கடைசியில்தான் எடுப்பார். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக ஒன்றரைக் கோடிக்குப் பதின்மூன்றரை லட்சம் தன் தலையில் விழுகிறது என்று கணக்குச் சொல்லிக் குறைக்கச் சொல்வார். போதாததற்கு, 50 லட்சத்துக்கு மேற்பட்ட கிரயம் என்பதால் 1 சதவீதம் வரி பிடித்துத்தான் தருவேன் என்று உங்கள் பான் எண்ணைக் கேட்பார். பான் எண் கேட்டவரை விட்டுவிடாதீர்கள். அத்தை காலில் விழுந்தாவது கையெழுத்து வாங்குங்கள்.

கிரயம் முடிந்து அட்டையைக் கழற்றிய மறுநாளே நம்மவர் போன் வரும்.

“என்ன சார், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நாங்க முடிக்கிறதாத்தானே இருந்தோம்! என்ன விலைக்குப் போச்சு?”

சொல்வீர்கள்.

“அடப்பாவமே, நல்லா ஏமாந்துட்டீங்க. நானே ரெண்டு லட்சம் சேர்த்துக் கொடுத்திருப்பேனே! சரி, வாங்கினவர் நம்பரைக் குடுங்க. எப்பவாவது விக்கிற ஐடியா இருக்கான்னு கேட்டு வைக்கிறேன்.”