ஒரு கிலோ லேப்டாப்பும் இருபத்தைந்து பின்னும்

ஓசூர் சிப்காட் பட்டறைகளில் இப்போது ஒரு கிலோ லேப்டாப்தான் கௌரவம். ஷெட்டில் நிற்கும் பழைய சிஎன்சி லேத்துக்கு அதன் அருமை தெரியாது. அது கேட்பது 1960-இல் வந்த ஆர்எஸ்-232, 25 பின் சாக்கெட். லேப்டாப்பில் இருப்பதோ இரண்டு யூஎஸ்பி-சி ஓட்டை. கன்வெர்ட்டருக்காக அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோடு போக வேண்டும். மாட்டினாலும் பாட் ரேட் 9600, டேட்டா பிட் 7, ஈவன் பாரிட்டி என்று பத்துப் பொருத்தமும் பார்க்கும். பிசகினால், ஃபானக் கண்ட்ரோலில் 85-ஆம் அலாரம். எல்லாம் நாலு கேபி புரோகிராமுக்கு! அதற்குள் ஆபரேட்டர் அண்ணன் மூலையில் கிடந்த எக்ஸ்பி லேப்டாப்பைத் தூசி தட்டி, புரோகிராமை ஏற்றி, முதல் பீஸை மைக்ரோமீட்டரில் அளந்துகொண்டிருப்பார். புது லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் வேலை கிடைத்துவிட்டது.