முப்பது லிட்டர் அண்டா

காஞ்சிபுரத்தில் இப்போது ஒரு புது வகை மனிதர் நடமாடுகிறார். தாத்தா பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருந்தவர்; அப்பா காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் கல்லாவில் உட்கார்ந்தவர்; இவர் ஒரகடத்துத் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருபவர். ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போன இடத்தில், கடையிலேயே தயாரித்து ஊற்றும் பீரை ஒரு குவளை குடித்திருப்பார். அன்று பிடித்தது. வீட்டிலேயே பீர் தயாரிக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். இதுவரை ஒரு சொட்டு தயாரித்ததில்லை. கேட்டால், எந்தச் சாமான் வாங்குவது என்று பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்வார். அந்தப் ‘பார்த்துக்கொண்டிருப்பதில்’ சில வருடங்கள் அடக்கம். தெரிந்தவர்கள் இவரைச் சோம்பேறி என்பார்கள். கொஞ்சம் நெருங்கியவர்கள் பயந்தாங்கொள்ளி என்பார்கள். இரண்டும் அபாண்டம் என்பது என் கட்சி. ராத்திரி ஒரு மணி வரை கண்விழித்து உழைக்கிற மனிதரை எப்படிச் சோம்பேறி என்பது? அவருக்கு வேண்டியது பீர் என்று நாம் நினைத்துக்கொண்டதுதான் பிழை. வேண்டியது அந்தத் தேர்வு. அது அவருக்குத் தினமும் கிடைக்கிறது.

சட்டத்தை முதலில் பேசி முடித்துவிடலாம். இல்லாவிட்டால் எல்லாரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். ராஜாஜி ஆட்சியில் 1937-இல் சென்னை மாகாணத்துக்கு மதுவிலக்குச் சட்டம் வந்தது. அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் முதலில் அமலானது. பிறகு அது பரவியது, தளர்ந்தது, இறுகியது, மறுபடி தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போயிற்று. இத்தனைக்கும் நடுவே அந்த 1937 சட்டம் மட்டும் சாகவில்லை. அதன்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். தயாரிப்பதற்கென்று பாத்திரமோ கருவியோ வைத்திருப்பதும் குற்றம். அண்டாவில் சாம்பார் கொதித்தால் அது பாத்திரம். மால்ட் கொதித்தால் அதுவே வழக்கின் சான்றுப்பொருள். வேறு யாருக்காவது இது தடையாகப் படலாம். நம்மவருக்கு வரப்பிரசாதம். வாங்கினால்தானே குற்றம்? வாங்கலாமா என்று யோசிப்பதற்கு எந்தப் பிரிவும் இல்லை. ராஜாஜி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே மனதுக்குள் ஃபெர்மென்டர் பொறுக்கினால், அந்தப் பெயருக்குரியவர்கூட ஒன்றும் செய்ய முடியாது.

இனி அந்த உழைப்பைப் பார்ப்போம். லேப்டாப்பில் ஓர் எக்ஸெல் கோப்பு. முதல் பக்கம் முழுக்க, பீர் புளிக்கும் பாத்திரம் எதில் இருக்க வேண்டும் என்பது. பிளாஸ்டிக் வாளி மலிவு. ஆனால் உள்ளே கீறல் விழுந்தால் கிருமி குடியேறும். கண்ணாடி ஜாடியில் கீறல் விழாது; கை நழுவினால் காலில் விழும். அடி கூம்பிய ஸ்டீல் பாத்திரத்தில் இரண்டு தொல்லையும் இல்லை. விலை மட்டும் தொல்லை. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, கூட்டி, எது முதலிடம் வந்தாலும் மதிப்பெண் முறையையே மாற்றுவார். அடுத்த பக்கம் அளவு. இங்கிலாந்தில் வீட்டு பீர் ஒரு தடவைக்கு ஐந்து கேலன், அதாவது கிட்டத்தட்ட 23 லிட்டர். அமெரிக்காவிலும் ஐந்து கேலன்தான். ஆனால் அவர்கள் கேலன் சிறியது என்பதால் 19 லிட்டர். எந்த நாட்டைப் பின்பற்றுவது என்பதில் ஒரு மழைக்காலம் போயிற்று. 23 லிட்டர் என்றால் 650 மில்லி பாட்டிலில் முப்பத்தைந்து பாட்டில். வீட்டில் குடிப்பவர் இவர் ஒருவர். அவரும் ஒரு பாட்டிலைத் தாண்டினால் தூங்கிவிடுகிற ஜாதி. பூஜை அறை சமையலறையை ஒட்டி இருக்கிறது. ஐந்து லிட்டரில் ஆரம்பிக்கலாமே என்று யாராவது சொன்னால் முகம் சுண்டிப்போகும். ஐந்து லிட்டருக்கு வீட்டில் இருக்கிற குண்டானும் ஒரு துணிப்பையும் ரப்பர் குழாயும் போதும். அப்புறம் தேர்வு செய்ய என்ன இருக்கிறது?

பாத்திரக் கடைக்கு மட்டும் அவ்வப்போது போவார். முப்பது லிட்டர் அண்டாவைத் தட்டிப் பார்ப்பார், அடி கனத்தை விரலால் அளப்பார், குழாய் வைக்கத் துளை போட்டால் தாங்குமா என்று விசாரிப்பார். கடைக்காரருக்கு முப்பது லிட்டர் என்றால் ஒரே அர்த்தம்தான். “விசேஷம் எப்ப சார்?” “இன்னும் தேதி வைக்கல.” “பொண்ணுக்கா, பையனுக்கா?” “சும்மா, வீட்டு யூஸுக்குத்தான்.” “எத்தினி பேர் சார் வீட்ல?” “நாலு.” கடைக்காரர் அண்டாவையும் பார்ப்பார், இவரையும் பார்ப்பார். “மூடி தனியா வரும் சார்” என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்த மூடியில் ஏர்லாக் பொருந்துமா என்று கேட்க நம்மவருக்கு நாக்கு நுனி வரை வரும், நல்லவேளையாக நின்றுவிடும்.

ஒரு சாமான் இன்னொன்றை எப்படி அழைத்துவருகிறது என்பதை இந்த ஊர் வெயில் அழகாகக் காட்டுகிறது. மால்ட் சாற்றை ஹாப்ஸோடு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டபின், கிருமி புகுமுன் சீக்கிரம் ஆற்றி ஈஸ்ட் போட வேண்டும். சாதாரண ஏல் ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி வரை சுகம். ஆற்றுவதற்குச் செம்புக் குழாயைச் சுருளாக வளைத்த ஒரு சாமான் உண்டு. அதைக் கொதித்த சாற்றில் இறக்கி, உள்ளே குழாய்த் தண்ணீரை ஓடவிடுவார்கள். லண்டன் குழாயில் அது வேலை செய்யும். சித்திரை மாதத்தில் காஞ்சிபுரத்து மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரில் கையை வைக்க முடியாது. சாறு அந்தத் தண்ணீரின் சூட்டுக்குக் கீழே ஒரு டிகிரிகூட இறங்காது. ஆகவே தண்ணீரை முதலில் ஆற்ற, ஐஸ் பெட்டிக்குள் இன்னொரு சுருள். ஐஸ் தண்ணீரைச் சுற்றவிட ஒரு பம்பு. ஆறிய சாறு இரண்டு வாரம் ஆறியபடியே இருக்கத் தனி ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜ் உறையவைத்துவிடாமல் தடுக்க ஒரு கன்ட்ரோலர். அது கரண்ட் போனால் மறந்துவிடும், அதனால் இன்வெர்ட்டர். ஒரு குவளை ஆசையிலிருந்து இன்வெர்ட்டர் வரை நூல் பிடித்தாற்போல் வந்துவிட்டோம். இதில் ஒரு படிகூடத் தர்க்கத்துக்கு விரோதமில்லை என்பதுதான் விசேஷம். மேற்கு நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காப்பாற்றிவந்த குவைக் என்ற ஈஸ்ட் இருக்கிறது. 35 டிகிரிக்கு மேலும் சளைக்காமல் வேலை செய்யும், காஞ்சிபுரத்துக்கென்றே பிறந்ததுபோல். அதைப்பற்றி அவருக்குத் தெரியாதா என்றால், நம் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். கோப்பில் தனிப் பக்கமே இருக்கிறது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் ஃபிரிட்ஜ், பம்பு, கன்ட்ரோலர் ஆகிய மூன்று பக்கங்களை அழிக்க வேண்டும். ‘சுவை பரீட்சிக்கப்படவில்லை’ என்று குறித்து அதைத் தள்ளிவைத்திருக்கிறார். என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். பீர் என்ன இட்லி மாவா, சும்மா மூடிவைத்தால் பொங்க? நுணுக்கமான சரக்கு, கருவி இல்லாமல் நடக்காது. ஓரளவு உண்மை. இன்றைய அறிவியலின் சில நல்ல கருவிகளே பீர் ஆலையிலிருந்து வந்தவை. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் ஹான்சன் 1883-இல் சுத்தமான ஈஸ்டைத் தனியே பிரித்தெடுத்தார். அதே ஆய்வகத்தில் 1909-இல் சோரன்சன் பி.எச். அளவையை உண்டாக்கினார். டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த காசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்ததுதான் புள்ளியியல் மாணவர்களை இன்றும் மிரட்டுகிற டி-சோதனை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். ஹான்சன் அந்த வேலையில் இறங்கும்போது ஆலையில் பீர் கெட்டுக்கொண்டிருந்தது. ஏன் என்று தேடினார், ஈஸ்ட் அகப்பட்டது. அங்கே கெட்ட பீர் முன்னால், கருவி பின்னால். நம்மவரிடம் பி.எச். மீட்டருக்கே நான்கு கம்பெனி ஒப்பீடு இருக்கிறது. கெடுவதற்குத்தான் ஒரு லிட்டர் பீர் இல்லை.

அதைவிட, காஞ்சிக்காரருக்கு இந்த ஆட்சேபத்தைச் சொல்ல உரிமையே கிடையாது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைத் தேடிப் போகும் வழியைச் சொல்கிற பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் பீர் தயாரிப்பதையே வர்ணிக்கிறது. குற்றாத அரிசியைக் கூழாகக் காய்ச்சுகிறார்கள். வாயகன்ற தட்டில் ஊற்றி ஆற்றுகிறார்கள். முளைவிட்ட நெல்லை இடித்துக் கலக்கிறார்கள். மால்ட் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதேதான். இரண்டு பகல் இரண்டு இரவு விட்டு, ஜாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்து வடிக்கிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். சாமான் பட்டியல்: ஓர் அடுப்புப் பானை, ஒரு தட்டு, ஒரு ஜாடி, பத்து விரல். தெர்மாமீட்டர் இல்லை, கேலன் தகராறு இல்லை. அது பழங்கதை, இன்றைக்கு உதவாது என்பவர்கள் சின்ன காஞ்சிபுரம் வரை நடந்து வரலாம். வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கிற கோயில் இட்லிக்குப் பச்சரிசியும் உளுந்தும் அரைத்துப் புளிக்கவிட்டு, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்க்கிறார்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவிடுகிறார்கள். எந்தப் பருவத்தில் மாவு எத்தனை மணிக்குப் பொங்கும் என்பது மடைப்பள்ளிக் கைக்குத் தெரியும். பீருக்கு ஈஸ்ட் வேறு, பக்குவம் வேறு, சுத்தம் இன்னும் கண்டிப்பு, மறுக்கவில்லை. ஆனால் புளிப்பைக் கண்டு புளிப்பைப் பழகுவது என்கிற முறை இரண்டுக்கும் ஒன்றே. அந்தப் படிப்புக்கு முதல் சாமான் ஒரு பாத்திரம். இரண்டாவது சாமான், கெட்டதைக் கொட்டுகிற தைரியம்.

சரி, எல்லாம் சட்டத்தால்தான், விட்டுப் பார்த்தால் செய்வார் என்று அவருடைய நண்பர்கள் வாதாடுவார்கள். விட்ட நாடுகளைப் பார்ப்போம். இங்கிலாந்தில் 1963-இல் வீட்டு பீருக்கு உரிமம் வேண்டாம் என்று ஆக்கினார்கள். அமெரிக்காவில் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1978-இல் வந்தது. சார்லி பப்பாசியன் 1984-இல் வெளியிட்ட புத்தகம் வீட்டு பீர்க்காரர்களின் வேதமாயிற்று. பதறாமல் போட்டுப் பார் என்பதே அதன் சாரம். பதறாதே என்று ஒரு புத்தகம் திரும்பத் திரும்பச் சொல்கிறது என்றால், அங்கேயும் எப்படிப்பட்ட ஆட்கள் இருந்திருப்பார்கள் என்று ஊகிக்க ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. சட்டம் வழிவிட்டது, அண்டாவைத் தட்டிப் பார்ப்பவர்கள் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கடைசியாக, அவரால் யாருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்வி. யாருக்கும் இல்லை. இந்த வித்தையை அவர் எங்கே கற்றார் என்பதில்தான் எனக்கு ஆர்வம். அப்பாவின் கடையில்தான் என்று நினைக்கிறேன். கல்யாணப் புடவை எடுக்க எங்கெங்கிருந்தோ காஞ்சிபுரத்துக்கு வருகிற குடும்பங்கள் காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழுந்திருக்காது. இந்தக் கரையில் அந்த முந்தானை இருந்தால் தேவலை, அந்தக் கலரில் இந்தக் கொடி வந்தால் தேவலை என்று அலமாரியையே தரைக்கு இறக்கிவிடுவார்கள். “பார்த்துட்டு வர்றோம்” என்று எழுந்து பக்கத்துக் கடைக்கும் போவார்கள். ஆனாலும் பொழுது சாய்வதற்குள் எங்கேயோ ஒரு கடையில் பில் போட்டாகிவிடும். காரணம் சாதாரணம்: முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, அதற்குள் ரவிக்கை தைத்தாக வேண்டும். பீருக்கு எந்தப் பஞ்சாங்கத்தில் முகூர்த்தம் இருக்கிறது? நாளைக்கே அரசு மனம் மாறி, வீட்டுக்கு வீடு இத்தனை லிட்டர் என்று அரசாணை போடட்டும். மறுநாள் காலை அந்தக் கோப்பில் புதிதாக ஒரு பக்கம் திறக்கும். அரசாணை சொல்லும் லிட்டருக்கு இங்கிலாந்து அண்டா சரிவருமா, அமெரிக்க அண்டா சரிவருமா?