அஞ்சல்தலையும் ஆறு வயதுப் பாலகனும்

கேள்வி: என் ஆறு வயது மகனுக்கு அஞ்சல்தலை சேகரிக்கக் கற்பித்து, அதன் வழியே தேசபக்தியையும் ஊட்ட விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: ஒரு கிண்ணம் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். பழைய கடித உறையிலிருந்து தலையைச் சுற்றுக் காகிதத்தோடு கத்தரித்து, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, பசை இளகித் தானே கழன்று வரும் வரையில் காத்திருந்து, பின் ஈரம் உறிஞ்சும் தாளின் மீது குப்புறக் கிடத்தி உலர்த்துகிற அந்த அவகாசத்திலே, எந்தப் பிரசங்கத்தாலும் வாராத பொறுமை பாலகனுக்கு வந்து வாய்க்கும். தேசத்துக்கு உழைப்பவனுக்கு முதலில் வேண்டிய குணம் அதுவே என்பது என் அபிப்பிராயம். பிஞ்சு விரல் பல்லோரத்தைக் கிழித்துவிட்டால் கோபிக்காதீர்கள்; கிழிந்ததற்கும் ஆல்பத்தில் இடமுண்டு.

உலர்ந்ததும் கதை கேட்பான். அந்நிய மன்னரின் முகம் வீற்றிருந்த இடத்தில், மூவர்ணக் கொடியும் ‘ஜெய் ஹிந்த்’ என்ற வாசகமும் தாங்கி, 1947 நவம்பர் 21-ஆம் தேதி வெளியான மூன்றரை அணாத் தலையே சுதந்திர பாரதத்தின் முதல் அஞ்சல்தலை என்று சொல்லுங்கள். கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரனாருக்காக 1972-இல் வெளியான அஞ்சல்தலை கிடைத்தாலோ, ‘அவருடைய கப்பல் எங்கே போயிற்று?’ என்று நிச்சயம் கேட்பான். அந்தப் பதிலை மட்டும் முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.